"நர்சம்மா, உங்களுக்குக் கோபமே வராதா?": மன நிதானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். தடுப்பூசி போடவும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் போன வீடுகளில், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியவுடன் பலர் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். ஓய்வு பெற்ற பின்னும் அது நிற்கவில்லை. ரேஷன் கடை வரிசையிலும் பஸ் நிறுத்தத்திலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே கீழே எழுதியிருக்கிறேன். யார் கேட்டார்கள் என்பது என்னோடு இருக்கட்டும்.

நீங்கள் எப்போதும் அமைதியாகவே இருக்கிறீர்களே நர்சம்மா, உங்களுக்குக் கோபம், பயம் எதுவுமே வராதா?

நன்றாகவே வரும். 1990களில், 108 ஆம்புலன்ஸ் வருவதற்கு வெகு காலம் முன்னால், ஒரு மழை இரவில் தோட்டத்து ஜீப்பில் ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனோம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் சாலை தெரியவில்லை. பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தொப்புள்கொடியைக் கட்டும்போது என் கை ஆடவில்லை. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். கிளாஸைப் பிடிக்க முடியாத அளவுக்கு இரண்டு கைகளும் நடுங்கின.

பயம் எங்கேயும் போய்விடவில்லை. வேலை முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் எழுந்து வந்தது. நான் நிதானம் என்று சொல்வது இவ்வளவைத்தான். எது நடந்தாலும் உறைக்காத மனம் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு மனம் எனக்கு வாய்க்கவில்லை, வாய்க்க வேண்டும் என்றும் நான் ஆசைப்பட்டதில்லை.

கோபம் தலைக்கு ஏறிய பிறகு அதை எப்படி அடக்குவது?

என் கணவர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பல வருடம் பஸ் ஓட்டியவர். சீசன் நாட்களில் பர்லியாறு பக்கம் போனால் சாலையோரத்தில் வெளியூர்க் கார்கள் நிற்கும். சக்கரத்திலிருந்து புகை கிளம்பும், கருகிய நாற்றம் மூக்கை அடைக்கும். குன்னூரிலிருந்து வழி நெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருப்பார்கள். அளவுக்கு மேல் சூடேறினால் பிரேக் பிடிக்காது. "ஏறிய கியரிலேயே இறங்கு. வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவில் தொட்டால் போதும்" என்று புதிதாக வரும் டிரைவர்களுக்கு அவர் சொல்வார். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் இதை மறந்தவர்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள்.

கோபம் வந்த பிறகு பல்லைக் கடித்து அடக்குவது பிரேக் போடுவது மாதிரி. ஒரு முறை, இரண்டு முறை பிடிக்கும். நாள் முழுக்க அதையே நம்பினால் கருகிவிடும். வேகத்தை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும். நான் போன வீடுகளில் பெரும்பாலான சண்டைகள் மாலை ஆறு மணிக்குத்தான் நடந்தன. இலை பறித்துவிட்டு ஈரத் துணியோடு வருவார்கள், வயிறு காலியாக இருக்கும், அந்த நேரம் பார்த்து யாராவது கடன் பேச்சையோ மார்க் பேச்சையோ எடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். கால் கழுவி, சூடாக ஏதாவது வயிற்றில் விழும்வரை எந்தக் கடிதமும் பிரிக்கப்படாது, எந்தக் கணக்கும் கேட்கப்படாது. கியர் என்று நான் சொல்வது இந்த மாதிரியான சின்ன ஏற்பாடுகளைத்தான்.

அதையும் மீறிக் கோபம் ஏறிவிட்டால், அந்த இடத்தை விட்டு நகருங்கள். ஆனால் "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அதுவே அடுத்த சண்டைக்கு விதையாகிவிடும்.

மூச்சை இழுத்து விடு என்கிறார்களே, உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

பலன் உண்டு, காரணமும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, வெளியே விடும்போது மெதுவாகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள், சிலருக்குக் கைக்கே தெரியும். ஆகவே இழுப்பதைவிட விடுவதை நீளமாக்க வேண்டும். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம், நெஞ்சைப் பிதுக்கவும் வேண்டாம்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்கிறோம் அல்லவா? மூச்சும் நாடியும் அடங்கத்தான் அது. மேட்டில் ஏறி வந்த மூச்சோடு பார்த்தபோது 150 காட்டியவர்களுக்கு, உட்கார வைத்துப் பார்த்தபோது 138 காட்டியதை நான் எத்தனையோ முறை குறித்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குத் துணைதான்.

இலை விலை இறங்கிக்கொண்டே போகிறது. நான் மூச்சை இழுத்து விட்டால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடிவிடுமா?

கூடாது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதை ஒட்டித்தான் நம் பச்சை இலைக்கு விலை அமைகிறது. அந்த ஏலமோ வேறு மாநிலங்களின் விளைச்சலையும் ஏற்றுமதியையும் பார்த்து ஏறி இறங்குகிறது. இதில் எதுவும் நம் வாசல்படிக்குள் இல்லை. அமைதியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சிறு விவசாயியிடம் சொல்வது அவரை அவமதிப்பதாகும்.

எங்களுக்கும் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேயிலை இருக்கிறது. 1990களின் கடைசியில் விலை சரிந்தபோது உரக்கடைப் பாக்கி, நகைக்கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து ராத்திரியெல்லாம் தலைக்குள் சுற்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பழைய மாதக் காலண்டரின் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். கூட்டிப் பார்த்தால் நான் பயந்ததைவிடத் தொகை அதிகமாகவே இருந்தது. ஆனாலும் அன்றுதான் தூங்கினேன். ஏனென்றால் அந்தத் தாளுக்கு ஒரு கடைசி வரி இருந்தது. எழுதாத கடனுக்குக் கடைசி வரி கிடையாது, இருட்டில் அது வளர்ந்துகொண்டே போகும். மறுநாள் உரக்கடைக்காரரைப் பார்த்துப் பேசினோம். மூன்று தவணையாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மனிதர்கள் சில சமயம் நாம் நினைப்பதைவிட நல்லவர்களாக இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலைக்காகக் குரல் கொடுப்பது அமைதிக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள். 2023-இல் நியாய விலை கேட்டு நம் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். குளிரில் நாள்கணக்கில் உட்கார்வதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

அமைதியாக இருந்தால் ஏமாளி என்று நினைத்துவிடுகிறார்களே?

நினைப்பார்கள். அதற்காகக் கத்தினால் "இந்த அம்மா எப்போதுமே இப்படித்தான்" என்று அதையும் தள்ளிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, இலை வாங்குபவர்கள் மழை நாட்களில் ஈரத்துக்கு என்று எடையில் கண்டபடி கழித்தார்கள். அவர் தினமும் சண்டை போட்டுப் பார்த்தார், பலனில்லை. பிறகு மகளின் பழைய நோட்டில் தேதி, மூட்டை எடை, கழித்த எடை என்று மூன்று கட்டம் போட்டு எழுதத் தொடங்கினார். மாதக் கடைசியில் குரலை உயர்த்தாமல் அந்த நோட்டை மேசையில் விரித்து வைத்து, "இதற்குக் கணக்குச் சொல்லுங்கள்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து கழிவு குறைந்தது. முந்தைய பதிலில் சொன்ன காலண்டர் தாளும் இந்த நோட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஒரே அடுப்படியில் நானும் மாமியாரும். தினமும் ஏதாவது ஒன்று. நான்தான் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்கும் வண்டி நிற்க வேண்டும், ஏறும் வண்டி போக வேண்டும். ஏற்றத்தில் பாரத்தோடு நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். இறங்குபவர் மரியாதையில் குறைந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. நாளை அவரே ஏறும்போது மற்றவர் நிற்பார்.

இன்று வீட்டில் ஏற்றத்தில் இருப்பவர் யார் என்று பாருங்கள். மூட்டுவலியோடு இரவெல்லாம் விழித்திருந்த மாமியாரா? மாதவிலக்கு வயிற்றுவலியோடு காட்டுக்குப் போய் வந்த மருமகளா? அன்றைக்கு அவருக்கு வழி விடுங்கள். இந்தக் கணக்கு வயதைப் பார்ப்பதில்லை, தினமும் மாறும். எப்போதும் நீங்களே நிற்க வேண்டியிருந்தால் அது விட்டுக்கொடுத்தல் ஆகாது. அதை வீட்டில் உட்கார்ந்து பேசியாக வேண்டும், மாலை ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம்.

மாமியார்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கும் மருமகள் இருக்கிறாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், விடியும்வரை யோசனை.

முதலில் கடைசி டீயை எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள் என்று பாருங்கள். தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. உடம்புக்குள் போன காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு ஏழு மணிக்கு இரண்டு கிளாஸ் கெட்டியான டீ குடித்தால், நடுராத்திரியிலும் அதில் பாதி உள்ளே விழித்திருக்கும். நான்கு மணியோடு நிறுத்திப் பாருங்கள். பாதம் சில்லென்று இருந்தாலும் தூக்கம் எளிதில் வராது, கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

விழிப்பு வந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால் படுக்கையில் புரள வேண்டாம். எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள். இரண்டு மணிக்கு எடுக்கும் எந்த முடிவும் காலையில் நிற்காது. மனதில் வருவதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள்.

மே மாதம் வந்தாலே நம் ஊர் சாலை நம்முடையதாக இல்லை. அந்த நெரிசலில் எப்படி அமைதியாக இருப்பது?

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்த பிறகும் நெரிசல் தீர்ந்துவிடவில்லை. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள், நம் வீட்டு வாசலே நெடுஞ்சாலையாகிவிடுகிறது. ஆஸ்பத்திரி வேலை, பேங்க் வேலை எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்குள் நகருக்குப் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஹாரன் அடித்து எந்த வளைவும் அகலமானதில்லை.

காட்டெருமையும் கரடியும் தெருவுக்கே வருகின்றன. பயமில்லாமல் இருப்பது எப்படி?

இந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. விடியற்காலையில் தனியாகப் போகாதீர்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே நடங்கள். காட்டெருமை நின்றால் நீங்களும் நின்று, மெதுவாகப் பின்வாங்கி வழி விடுங்கள். கல்லெறிய வேண்டாம், போட்டோ எடுக்கக் கிட்டே போகவும் வேண்டாம். கண்முன்னே விலங்கு நிற்கும்போது வரும் பயமும், கதவைத் தாழிட்டுக் கட்டிலில் படுத்த பிறகும் தொடரும் பயமும் ஒன்று அல்ல. இரண்டாவதுக்குத்தான் மேலே சொன்ன மூச்சும், தாளும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓட்டில் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. பைத்தியமாகிவிடுவேனோ?

இதைக் கேட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களைப் பார்த்தவர்களின் உடம்பு மழைச் சத்தத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. மனம் மறந்தாலும் உடம்பு "ஓடு" என்கிறது. அது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஒருமுறை சுட்டுக்கொண்ட கை அடுப்பைப் பார்த்து விலகுவது போன்றது.

இதற்கும் இரண்டாவது பதிலில் சொன்ன கியர் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், மாத்திரைகள், டார்ச் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அறிவிப்பு வந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். வீட்டுக்கு மேலே உள்ள மேட்டில் புதிய விரிசலோ, திடீரெனக் கலங்கல் ஊற்றோ தெரிந்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள். கெட்ட கனவுகளும், கண்முன்னே காட்சி திரும்ப வருவதும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலிமானஸ்) கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மனசுக்கு மாத்திரை போட்டால் பழகிவிடும் என்கிறார்களே?

எல்லா மாத்திரையும் ஒன்று அல்ல. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், திடீரென நிறுத்தவும் கூடாது. பத்து நாள் போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளோ உண்மையிலேயே பழகிவிடக்கூடியவை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று ஒருபோதும் வாங்கிப் போடாதீர்கள்.

சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலோகூட மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே 14416-ஐ அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

அவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். நான் அமைதியாக இருந்தால் சரியாகிவிடுவாரா?

சரியாகமாட்டார். இந்தப் பக்கத்தில் நான் எழுதிய எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக இருக்கும்படி உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும், அது உங்கள் அம்மாவாகவே இருந்தாலும், அது தவறு. என் வேலையின் ஆரம்ப வருடங்களில் நானும் ஒரு பெண்ணிடம் "கொஞ்சம் பொறுத்துப் போ" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை பார்த்தபோது அவர் கை ஒடிந்திருந்தது. அதன் பிறகு யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அடி விழும் நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இலேயே சட்டம் வந்துவிட்டது. அவர் குடியை நிறுத்த விரும்பினால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் அவர் திருந்தும் நாள்வரை நீங்கள் அடி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். ஆனாலும் நேற்றுப் பிள்ளையிடம் கத்திவிட்டேன். எல்லாம் வீண்தானா?

எத்தனை நாளைக்கு ஒரு முறை கத்தினீர்கள், இப்போது எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று எண்ணிப் பாருங்கள். நேற்று ஒரு நாளை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். பிள்ளையிடம் போய், "நான் கத்தியது தப்பு" என்று சொல்லுங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள், அது வேறொரு நாளுக்கான பேச்சு.

போன மாதம் நானும் பேத்தியிடம் கத்தினேன். தண்ணீர் வரும் நாளில் குழாயை மூட மறந்துவிட்டாள், தொட்டி நிரம்பி முற்றமெல்லாம் ஓடியது. பத்து வயதுப் பெண். ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துத் தள்ள ஆரம்பித்தாள். சிறிது நேரம் கழித்துப் போய் நான் கத்தியிருக்கக் கூடாது என்று சொன்னேன். "சரி அம்மாச்சி, அந்தப் பக்கம் தேங்கி நிற்கிறது பாருங்கள்" என்றாள். இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.